முட்டையைத் திருப்பி அனுப்பிய பொரிப்பகம்

குடியாத்தத்தைச் சுற்றி நாட்டுக்கோழி முட்டை பொரித்துக் கொடுப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். முட்டையை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், இருபத்தோரு நாள் கழித்துக் குஞ்சை எண்ணிக் கொடுப்பார்கள். நான் எழுதப்போவது, நான் கொண்டுபோன முட்டையை வாங்கவே மாட்டேன் என்று சொன்ன ஒருவரைப் பற்றி. இப்போது அவரிடம் மட்டும்தான் கொடுக்கிறேன்.

இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் பெயரும் கிடையாது. பள்ளிகொண்டா போகிற சாலையில், தென்னந்தோப்புக்கு உள்ளே, சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கட்டடம். சாலையில் நின்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். முட்டைக்கு எட்டு ரூபாய். மற்ற இடங்களில் ஆறு. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கரு கூடாததை எடுத்து வைத்துவிடுவார். அவற்றுக்கு மூன்று ரூபாய்தான். நடத்துகிற பெரியவர் சித்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் பல வருடம் பொரிப்பகம் பார்த்தவர். கணக்கு, போன், குஞ்சுப் பெட்டி எல்லாம் அவருடைய மருமகள். இயந்திரமும் வாயும் பெரியவர்.

முதல் தடவை போனபோது எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றிருந்தார். ஒடுகத்தூர் பக்கத்துக்காரர். அவர் கொண்டுவந்த முட்டைகள் பளபளவென்று இருந்தன. பெரியவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, குளிப்பாட்டிக் கூட்டினு வந்தியா?" என்றார். தம்பி பெருமையாக ஆமாம் என்றார். அவ்வளவுதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கோழி முட்டையிடும்போதே அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு வந்து துளைகளை அடைத்துக்கொள்கிறது, ஈரத்துணியால் தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான் என்று நின்ற இடத்திலேயே ஒரு பாடம். சூடாக இருக்கிற முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும்போது, ஓட்டின் மேல் இருக்கிற அழுக்கையும் கிருமியையும் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். "அழுக்கு முட்டைய வீட்ல ஆம்லெட் போடு. எனக்குக் கழுவாத சுத்த முட்டை கொண்டா." தம்பி முனகிக்கொண்டே போனார்.

நான் கழுவவில்லை. அதனால் தைரியமாக டிரேயை நீட்டினேன்.

பெரியவர் வாய் பேசாமல் பிரிக்க ஆரம்பித்தார். ஓடு மெலிந்தவை ஒரு பக்கம். ஓட்டில் மடிப்பு விழுந்தவையும் நுனி சொரசொரப்பானவையும் ஒரு பக்கம். ரத்தக் கீற்று ஒட்டியவை தனியாக. நல்லவை என்று மிஞ்சியது பாதிக்குக் கொஞ்சம் மேல். அவற்றையாவது எடுப்பார் என்று பார்த்தால், கேள்விதான் வந்தது. மொத்தம் எத்தனை பெட்டை, ஒரு நாளைக்கு எத்தனை முட்டை, இரண்டு மாதம் முன்னால் எத்தனை, சேவல் எத்தனை, குஞ்சை எங்கே வாங்கினாய். நாட்டுக்கோழியும் கலப்புமாக நூற்றிருபது பெட்டை, ஐம்பதை ஒட்டி வந்துகொண்டிருந்த முட்டை முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றேன். "ராத்திரி வெளக்க அணைச்சிட்டுக் கொட்டாயில நின்னு கேட்டியா? கொர்ரு கொர்ருனு சத்தம் வருதா?" இல்லை என்றேன். சளி இருந்தால் பகலில் கோழிகள் போடுகிற சத்தத்தில் தெரியாது, இரவில்தான் காதில் விழும் என்று பிற்பாடு சொன்னார். நாள்பட்ட சளிக்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமி முட்டையைக் குறைப்பதோடு நிற்காமல் முட்டை வழியாகவே குஞ்சுக்கும் போய்விடும். அதனால்தான் அந்தக் கேள்வி.

கடைசியாகச் சொன்னது: "மெஷினுக்குள்ள உன் முட்டை மட்டும் இல்லம்மா. நாலு ஊர்க்காரங்க முட்டை கீது. உன் கோழிக்கு இன்னா சீக்குனு தெரியாம நான் உள்ள வைக்க மாட்டேன். டாக்டராண்ட போய்க் கோழிய அறுத்துப் பாரு."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் சும்மா இருந்துவிட்டுப் போகவில்லை. முட்டை குறைய ஆரம்பித்தது சித்திரை வெயிலில். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் விளக்கலாம். எங்கள் கோழிகள் மதியம் வாயைப் பிளந்து இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். வெயிலில் தீனி குறையும், ஓடு மெலியும், முட்டை குறையும், உண்மைதான். மருந்துக்கடையில் சொன்னபோது, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கால்சியம் டானிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை விட்டமின். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆன்டிபயாடிக் பொடி. டானிக்கும் பொடியும் ஒரே தண்ணீரில் கலக்கலாம் என்று பாக்கெட்டின் மேலேயே பேனாவால் எழுதியும் கொடுத்தார்கள். ஆடி வந்து, மழை பெய்து, கொட்டகை குளிர்ந்த பிறகும் முட்டை ஏறவில்லை. வெயில்தான் காரணம் என்றால் அப்போதே ஏறியிருக்க வேண்டும். பிப்ரவரியில் அரசு முகாமில் கோழிக் கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி போட்டாகிவிட்டது, அந்த நோய்க்கான அறிகுறியும் இல்லை. பெரியவரின் கொட்டகைக்கு வந்தபோது என் நிலைமை இதுதான்.

மதிப்புரை என்று ஆரம்பித்துவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். எட்டு ரூபாயில் என்ன கிடைக்கிறது என்பது இந்தக் கதை இல்லாமல் புரியாது.

அரசு கால்நடை மருத்துவமனைக்கு இரண்டு பெட்டைகளைக் கொண்டுபோனேன். ஒன்று, காலை அகட்டி வைத்து நிமிர்ந்து நிற்கும், வயிறு தொங்கும், நடந்தால் தடுமாறும். மற்றொன்று பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, கொண்டை கொஞ்சம் வெளிறியிருந்தது, முட்டை மட்டும் இடவில்லை. டாக்டரம்மா இரண்டையும் அறுத்துக் காட்டினார். பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். நின்றேன்.

முதல் கோழியின் வயிற்றைத் திறந்தவுடன் மஞ்சளாகக் கலங்கிய நீர் வழிந்தது. குடலின் மேல் எல்லா இடத்திலும் மஞ்சள்கரு கட்டியாகி ஒட்டியிருந்தது. முட்டைக்குழாய் தடித்துச் சிவந்திருந்தது. அதைக் கத்தியால் கீறினால் உள்ளே அடுக்கு அடுக்காக இறுகிய ஒரு கட்டி, கோழிமுட்டை அளவு, கெட்ட நாற்றம். கோழிக்கு இடதுபக்க முட்டைக்குழாய் மட்டும்தான் வேலை செய்யும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சினைப்பையிலிருந்து மஞ்சள்கரு விழுந்தவுடன் குழாயின் புனல் போன்ற வாய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரு கூடுவதும் அங்கேதான். அடுத்து மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சேரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் சவ்வு சேரும், பிறகு கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஓடு படியும். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடுதல். ஈ.கோலை என்கிற கிருமி எச்சத்தில் எப்போதும் இருப்பது. ஈரமான தரை, அழுக்கான முட்டைப் பெட்டி, ஒன்றை ஒன்று பின்புறத்தில் கொத்துவது என்று ஏதாவது ஒரு காரணத்தால் அது கீழிருந்து குழாய்க்குள் ஏறிவிட்டால் குழாய் புண்ணாகும். விழுகிற மஞ்சள்கருவைப் பிடிக்க ஆளில்லை, அது வயிற்றுக்குள் விழும். கிருமிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. ஓடு போடுகிற இடம் புண்ணானால் ஓடு மெலிகிறது, மடிகிறது. சேவல் சேர்ந்த பிறகு விந்தணுக்கள் இரண்டு வாரம் வரை தங்கியிருப்பதற்கென்று அதே குழாயில் நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அந்த இடமும் கெட்டால் முட்டை வந்தாலும் கூமுட்டையாகத்தான் வரும்.

எத்தனை கால்சியம் டானிக் ஊற்றினாலும் இந்தக் குழாய்க்கு என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது கோழிதான் என்னை உலுக்கியது. வயிறு சுத்தமாக இருந்தது. சினைப்பையில் பெரிதும் சிறிதுமாக வரிசையாக, பளீரென்ற மஞ்சளில் கருக்கள் இருக்க வேண்டும். இதில் பாதி சுருங்கிப்போய், பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறி, மெல்லிய காம்பில் தனித்தனியாகத் தொங்கின. ஒன்றை டாக்டரம்மா கிள்ளியெடுத்து அழுத்தினார். உள்ளே இருந்தது திரிந்துபோயிருந்தது. "இந்தக் கோழி குஞ்சா இருந்தப்ப வெள்ளையாக் கழிஞ்சுதா? பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்துதா?" என்று கேட்டார்.

ஒட்டியிருந்தது. ஒருநாள் குஞ்சாக வேறொரு பொரிப்பகத்தில் வாங்கியவை அவை. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. வந்த முதல் இரண்டு வாரத்தில், சுண்ணாம்பு நிறத்தில் எச்சம் பின்புறத்தில் காய்ந்து அடைத்துக்கொண்டு, விளக்குக்குக் கீழே குவிந்து நின்றே செத்தன. நிறைய செத்தன. போன் செய்தபோது, பயணக் களைப்பு, விளக்குச் சூடு போதவில்லை, சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். மிஞ்சியவை தேறி, கொழுத்து, பார்க்கிறவர்கள் விலை கேட்கும்படி வளர்ந்தன. நம்பிவிட்டோம்.

சால்மோனெல்லா புல்லோரம் என்கிற கிருமியின் வேலை அதுதான் என்றார் டாக்டரம்மா. குஞ்சில் கொல்லும். தப்பித்த குஞ்சின் சினைப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும், சேவலானால் விரைக்குள்ளும். பெட்டை நன்றாகத்தான் இருக்கும், தின்னும், முட்டை மட்டும் குறையும். இடுகிற முட்டைகளில் சிலவற்றில் மஞ்சள்கருவிலேயே கிருமி இருக்கும். அந்த முட்டையை என்னதான் துடைத்தாலும் புகை போட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் கிருமி வெளியிலிருந்து போகவில்லை. அதில் சில பொரிக்காமலே சாகும். பொரித்த குஞ்சு உலரும்போது அதன் பூமயிரும் தூசியும் இயந்திரத்தின் காற்றாடியில் சுற்றி, அதே தட்டில், பக்கத்துத் தட்டில் இருக்கிற குஞ்சுகளின் மூக்குக்குள் போகும். பெரியவர் "நாலு ஊர்க்காரங்க முட்டை கீது" என்று சொன்னதன் பொருள் எனக்கு அங்கே ஆஸ்பத்திரி மேசைப் பக்கத்தில்தான் உறைத்தது. எனக்குக் குஞ்சு விற்ற இடத்திலும் யாரோ ஒருவருடைய முட்டையை இப்படித்தான் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்திருப்பார்கள்.

மாதிரி ஆய்வகத்துக்குப் போனது. முதல் கோழியில் ஈ.கோலை, இரண்டாவதில் சால்மோனெல்லா என்று வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்றும் கூடவே வந்தது. மருந்துக்கடைப் பொடியைக் காட்டினேன். டெட்ராசைக்ளின் வகை. அதையும் கால்சியத்தையும் ஒரே தண்ணீரில் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் ஏறாது என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய இரண்டும் கோழியின் பின்பக்கம் வழியாகவே போயிருக்கிறது. முட்டையிடுகிற கோழிக்கு மருந்து கொடுத்தால் முட்டையில் மருந்தின் மிச்சம் வரும், அந்த நாட்களின் முட்டையை விற்கக் கூடாது என்பதைக் கடையில் யாரும் சொல்லவும் இல்லை. கோலிஸ்டின் என்று எழுதிய பாக்கெட் எங்கேயாவது கண்ணில் பட்டால் தொடாதே என்றும் சொன்னார். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருப்பது அது, உணவுக்காக வளர்க்கிற விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019-ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது.

புல்லோரத்துக்கு மருந்து கொடுத்தால் அடங்கும், ஒழியாது. மறுபடி தலையெடுக்கும். ஒழிக்க ஒரே வழி, எந்தக் கோழியிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கூட்டத்திலிருந்து நீக்குவதுதான். அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. இறக்கையின் நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ஊதா நிற ஆன்டிஜென் (சாயம் ஏற்றிய செத்த கிருமிக் கரைசல்), இரண்டையும் கலந்து தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். நோய் இல்லாத கோழியின் ரத்தம் கலங்கலாக அப்படியே இருக்கும். இருக்கிற கோழியின் ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் ஊதாத் துணுக்குகள் திரண்டு, நடுவில் தெளிந்துவிடும். அவ்வளவு எளிது. நாங்கள் ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க, டாக்டரம்மா தட்டை ஆட்டிக்கொண்டே நேரம் பார்த்தார். முதல் துணுக்கு திரண்டபோது என் வீட்டுக்காரர் "அது தூசியா இருக்கும்" என்றார். தூசி இல்லை. பதினோரு பெட்டை, இரண்டு சேவல். அந்த இரண்டில் ஒன்று, எங்கள் கொட்டகையிலேயே அழகான, சிவப்பும் கருப்புமாக மின்னுகிற சேவல்.

குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கொட்டகைத் தரையைச் சுரண்டி, கூளம் மாற்றி, முட்டைப் பெட்டிகளுக்குப் புது வைக்கோல், தண்ணீர்க் குவளைக்கு பிளீச்சிங். மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடி பரிசோதனை, அதிலும் ஒரு பெட்டை மாட்டியது. அதற்கு அடுத்ததில் இல்லை, அதற்கும் அடுத்ததில் இல்லை. இரண்டு தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால்தான் நம்பலாம் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. நாலு மாதம் ஆகாத குஞ்சுகளுக்கு இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது, அவற்றைத் தனியாக வை என்றார். தனியாக வைத்தோம். இடம் போதாமல் மாட்டுக் கொட்டகையில் பாதியை மாடு விட்டுக்கொடுத்தது.

சரி, பொரிப்பகத்துக்கு வருகிறேன்.

பரிசோதனைச் சீட்டோடு போனபோது பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "அமெரிக்காக்காரன் 1935-லயே இந்தச் சோதனைய வெச்சுத்தான் பண்ணையெல்லாம் சுத்தம் பண்ண ஆரம்பிச்சான். நம்மூர்ல பெரிய பண்ணைல பண்றாங்க. நாட்டுக்கோழிக்காரங்ககிட்ட சொன்னா என்னைய பைத்தியம்னு சொல்றாங்க" என்றார். அப்புறம் முட்டையை வாங்கிக்கொண்டார். இந்த முறையும் சிலவற்றை ஒதுக்கினார். மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒரு வாரத்துக்கு மேல் ஆனது எதையும் வைப்பதில்லை. இட்ட தேதியைப் பென்சிலில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். பேனா கூடாது.

உள்ளே நடப்பதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம், செருப்பைக் கழற்றிவிட்டு சுண்ணாம்புத் தட்டில் மிதித்த பிறகு. முட்டையை வாங்கியவுடன் ஒரு சின்ன அறையில் ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்த்து இருபது நிமிடம் புகை போடுகிறார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரையும் விடுவதில்லை. கண்ணைக் கரிக்கிற புகை, மனிதர்களுக்கும் நல்லதில்லை. முட்டை வைக்கிற அறைக்கு ஏசி. இயந்திரம் 37.5 டிகிரியில் ஓடுகிறது, மணிக்கு ஒரு தடவை தட்டு தானாகச் சாய்கிறது. பதினெட்டாம் நாள் முட்டைகள் வேறு இயந்திரத்துக்கு மாறுகின்றன. இந்த "வேறு இயந்திரம்" முக்கியம். அடைகாக்கிற இயந்திரத்திலேயே பொரிக்கவும் விட்டால் ஒரு ஈட்டின் பூமயிரும் அழுக்கும் அடுத்த ஈட்டு முட்டை மேல் படியும். நான் பார்த்த ஆறு ரூபாய் இடங்களில் ஒன்றில்கூட தனி இயந்திரம் இல்லை. எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வேறு எங்கும் நான் பார்க்காதது, பொரித்த நாளில் நடப்பது. குஞ்சு வாங்க வருகிறவர்கள் கண் முன்னால், பொரிக்காத முட்டைகளை மருமகள் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கிறார். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பழைய சில்வர் தாம்பாளத்தில். ரத்த வளையம் மட்டும் இருந்தால் முதல் சில நாளில் செத்தது. முழுக் குஞ்சாகி மூக்கால் தட்டிவிட்டு வெளியே வர முடியாமல் செத்திருந்தால் ஈரப்பதத்திலோ சூட்டிலோ கோளாறு, அது எங்கள் தப்பு என்று அவரே சொல்கிறார். பச்சையாகக் கலங்கி நாறினால் கிருமி. அந்த முட்டை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, தரையில் பொறுக்கியதா என்று கேள்வி. எனக்கு ஒரு முட்டை அப்படி வந்தது. தாம்பாளத்தை மூடி உடனே வெளியே கொண்டுபோய்விட்டார்கள், கையுறையும் மாறியது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். அடுத்த தடவை போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

குஞ்சையும் எண்ணி மட்டும் தருவதில்லை. மல்லாத்திப் பிடித்துத் தொப்புளைக் காட்டுகிறார்கள். காய்ந்து மூடியிருக்க வேண்டும். ஈரமாகவோ, கருப்பாகப் பொருக்குக் கட்டியோ, வயிறு உப்பிக் கொழகொழவென்றோ இருந்தால் அந்தக் குஞ்சைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளே மஞ்சள்கருவில் கிருமி ஏறியிருக்கும், ஒரு வாரம் தாங்காது. அதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் எனக்குக் கணக்கு நேராகத் தெரியும், இரண்டு நாளில் கொட்டகையில் சாகும். அப்படிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். முதல் ஈட்டில் நூறு முட்டைக்கு எழுபத்தெட்டு குஞ்சு கொடுத்தார்கள். முன்பு மற்ற இடத்தில் ஐம்பத்தைந்து வந்தாலே நான் இனிப்பு கொடுப்பேன். அதைவிட, இந்தக் குஞ்சுகளில் முதல் வாரத்தில் பின்புறம் அடைத்துச் செத்தது ஒன்றும் இல்லை.

குறைகள் நிறைய. பெரியவரின் வாய் முதல் குறை. எல்லோர் முன்னாலும் "உன் கோழி சீக்குக் கோழி" என்று சொன்னால் முட்டை விற்றுப் பிழைக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கமாட்டார். பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அதனாலேயே அங்கே போவதை நிறுத்திவிட்டார்கள், பரிசோதனையும் செய்யவில்லை. நயமாகச் சொல்லியிருந்தால் செய்திருப்பார்கள். இடம் சிறியது, தை, மாசியில் முட்டை வைக்க முன்கூட்டியே சொல்லி வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் முட்டை பழசாகிவிடும். வாட்ஸாப்பில் கேட்டால் பதில் வராது, போன்தான், அதுவும் மருமகள் சமைக்கிற நேரத்தில் எடுக்க மாட்டார். ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் மின்வெட்டு நீண்டால் டீசலுக்கு என்று முட்டைக்கு ஐம்பது காசு கூட்டிவிடுகிறார், ரசீதில் அதை எழுதுவதில்லை. வாத்து, வான்கோழி முட்டை எடுப்பதில்லை. பெட்டை, சேவல் பிரித்துத் தருவதும் இல்லை. பரிசோதனைச் சீட்டு கேட்கிறவர் அதைச் செய்ய ஒரு வழியும் ஏற்பாடு செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும். ஆன்டிஜென் வரவழைத்து, டாக்டரம்மாவுக்கு நேரம் கிடைத்து, கோழி பிடிக்க ஆள் சேர்த்து என்று நாங்கள் பட்ட பாடு எல்லோராலும் முடியாது.

சொந்தமாக ஒரு தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: பத்து இருபது முட்டைக்குச் சரி. அடுத்தவர் கோழியின் கிருமி வராது என்பதும் உண்மை. ஆனால் தெர்மாகோலை ஒழுங்காகக் கழுவ முடியாது, ஒரு முட்டை உள்ளே வெடித்தால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது.

ஐம்பது முட்டைக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள், இந்தத் தடவை குஞ்சு வந்தால் போதும் என்று இருப்பவர்கள் ஆறு ரூபாய் இடத்துக்கே போகலாம். குஞ்சை வளர்த்து, அந்தப் பெட்டைகளிடமிருந்தே முட்டை எடுத்து, மறுபடி பொரிக்க வைக்கிறவர்கள் இந்தத் தோப்புக்கு வாருங்கள். புதிதாக வருகிறவர்கள் முட்டைக்கு முன்னால் ஒரு வாரத்து முட்டைக் கணக்கை எழுதிக் கொண்டுவந்தால் பேச்சு குறையும். செவ்வாய்க்கிழமை வேண்டாம், பெரியவர் காலையிலேயே பொய்கைச் சந்தைக்குப் போய்விடுவார், அவர் இல்லாமல் மருமகள் புது ஆளின் முட்டையைத் தொட மாட்டார். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறிய பிறகு பைக்கில் கொண்டுவந்த முட்டையைத் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்புகிறார்.